காணி வாங்குவோரும் பாத்தீனியக் களையும்

காணி வாங்கும் கமக்காரர் எல்லையை அளந்து பார்ப்பர். கிணற்று நீரைச் சுவைத்துப் பார்ப்பர். உறுதியை நொத்தாரிசிடம் காட்டித் தெளிவர். ஆயின், அம்மண்ணில் உறங்கிக் கிடக்கும் களைவிதையை ஆராய்பவர் மிகச் சிலரே. உறுதியில் எழுதப்படாத அவ்விதையும் காணியோடு சேர்ந்தே கைமாறுகின்றது.

எமது கடமைப் பிரிவில் ஒரு கமக்காரர் ஆடி மாதத்தில் ஆறு பரப்புத் தோட்டக்காணியை வாங்கினார். விற்றவர் அதனை உழுவித்துத் துப்புரவாக வைத்திருந்தார். ஒரு பூண்டும் கண்ணிற் படவில்லை. ஐப்பசி மழை பெய்து இரண்டு கிழமைக்குள் காணி முழுவதும் பாத்தீனிய நாற்றுகள் பாய் விரித்தாற்போல எழுந்தன. விதை வெங்காயத்துக்கென ஒதுக்கிய பணம் களை பிடுங்கும் கூலிக்குச் சென்றது. வெறுங்கையாற் பிடுங்கிய அவர் மனைவியாருக்குக் கைகளிற் சொறி உண்டாகிப் பல மாதம் வருத்தியது. அப்போகத்தில் அவர் வெங்காயம் நடவேயில்லை.

களையின் இயல்பு

பாத்தீனியம் அமெரிக்க வெப்பநாடுகளுக்குரிய பூண்டு. நம் நாட்டில் இது 1999ஆம் ஆண்டில் வவுனியாவில் இனங்காணப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பரவியது. இளஞ்செடி நிலத்தோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். இலைகள் கரட் இலையைப்போலப் பிளவுபட்டிருக்கும். வளர்ந்தபின் தண்டிலே நீளவாட்டில் வரிகளும் மென்மயிரும் காணப்படும். உச்சியிலே சிறு வெண்பூக்கள் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். முளைத்து ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்குவதும், ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்ப்பதும், மண்ணுள் புதைந்த விதைகள் பல ஆண்டுகள் உயிருடன் இருப்பதும் இதன் வலிமையாகும். ஆதலால், உழுது துப்புரவாக்கிய காணி களையற்ற காணி ஆகிவிடாது.

வாங்குமுன் செய்யவேண்டியவை

1. கூடுமாயின் காணியை மாரி மழை தொடங்கி மூன்று கிழமையின் பின் பார்வையிடுக. கோடையில் மட்டும் பார்த்து விலை பேசுதல் தகாது.

2. காணியின் நடுவை மட்டும் பார்த்துத் திரும்பாது, வேலியோரம், வாய்க்கால், படலை, எருக்குவியல், ஆடுமாடு கட்டும் இடம், உழவு இயந்திரம் திரும்பும் மூலை ஆகியவற்றையும் பார்க்க. களை முதலில் ஊன்றுவது இவ்விடங்களிலேயாம். அயற்காணிகளையும் நோக்குக.

3. கோடையில் வாங்க நேர்ந்தால், காணிக்காரரின் சம்மதத்துடன் பத்து இடங்களில் மேல்மண்ணை இரண்டு அங்குல ஆழத்துக்கு எடுத்துத் தட்டுகளில் மெல்லிதாகப் பரப்பி, நாள்தோறும் நீர் தெளித்து மூன்று கிழமை வைத்துப் பார்க்க. முளைப்பவற்றை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. ஒன்றும் முளையாவிடினும் மழைக்காலத்தில் மீண்டும் பார்த்தல் வேண்டும். சோதித்த மண்ணைத் தோட்டத்திற் கொட்டற்க.

4. வேறிடத்து எருவோ மண்ணோ அக்காணிக்கு ஏற்றப்பட்டதா, எத்தனை ஆண்டு தரிசாய்க் கிடந்தது என்பவற்றை விற்பவரிடமும் அயலவரிடமும் கேட்டறிக.

5. களை இருப்பின், அதனை அழிக்கும் செலவைக் கணக்கிட்டு விலையிற் குறைத்துக் கொள்க. அல்லது பூக்குமுன் அழித்துத் தருதல் விற்பவர் பொறுப்பென உடன்படிக்கையில் எழுதுவிக்க. முற்பணம் கொடுக்குமுன் இதனைப் பேசுதலே முறை.

வயற்காணி வாங்குவோர் களைநெல்லையும் கவனித்தல் வேண்டும். இது பயிரோடு பயிராய் நின்று, முன்னரே முற்றி, அறுவடைக்கு முன் மணியை உதிர்த்துவிடும். எனவே, வயலை அறுவடைக்குப் பின்னன்றிக் கதிர் வந்த காலத்திலேயே பார்வையிடுக.

வாங்கிய பின்

பாத்தீனியத்தைப் பூக்குமுன், மண் ஈரமாயிருக்கையில், கையுறை அணிந்து வேரோடு பிடுங்குக. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க. இழுப்பு நோய் உள்ளவர் இவ்வேலைக்குச் செல்லலாகாது. பூத்த செடிகளை உரப்பையில் இட்டுக் கட்டி, காணிக்குள்ளேயே எரித்துவிடுக. ஆட்டுக்கோ எருக்குழிக்கோ இடற்க. உழவு இயந்திரம் வெளியேறுமுன் சில்லிலும் கலப்பையிலும் ஒட்டிய மண்ணைக் கழுவுக. வெறுமையான இடங்களில் சணலை நெருக்கமாக விதைத்தால் களைக்கு வெயில் எட்டாது. மண்ணுக்கும் பசளை கிடைக்கும். சில ஆண்டுகள் விடாது இவ்வாறு செய்தால் விதைக்கையிருப்புக் குறைந்துவிடும்.

1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாத்தீனியம் கட்டுப்படுத்தப்பட வேண்டிய களையாகும். களை முன்னவர் காலத்தில் வந்ததென்று கூறி இன்றைய காணிக்காரர் வாளாவிருத்தல் இயலாது.

விற்போருக்கும் ஒரு சொல். களையை உழுது மறைத்து விற்றால், அது வேலி கடந்து உங்கள் எஞ்சிய காணிக்கே திரும்பி வரும். உள்ளதைச் சொல்லி விற்பது நேர்மை மட்டுமன்று, நல்ல கமத்தொழிலுமாம்.