தையற்பாடத்தைச் சிக்கனமாய் அச்சிடுதல்

சிக்கனம் என்பது செலவே செய்யாதிருத்தல் அன்று. செய்யும் செலவின் முழுப் பயனையும் பெறுதலே சிக்கனம். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சிடும் நெசவாளருக்கும், வாய்க்காலில் வரும் நீரை மடை மாற்றிப் பாய்ச்சும் விவசாயிக்கும் இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தாள், மை ஆகியவற்றின் விரயம் நம் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. அது ‘அச்சு, எழுதுபொருள்’ என்ற தலைப்பில் சில்லறைச் செலவாய் ஒளிந்துகொள்கிறது. அதைப் பற்றியதே இம்மாதப் பாடம். நாமே செய்த ஒரு பிழையிலிருந்து அதைத் தொடங்குகிறோம்.

கரையான்சாவடியில் கற்றது

பூவிருந்தவல்லியை அடுத்த கரையான்சாவடியில் மகளிர் பத்துப் பேர் ஒட்டுப்போர்வை தைக்கக் கற்கலாயினர். தறியில் மிஞ்சிய துண்டுகளும், ஆயத்த ஆடைக் கூடங்களில் கழிந்த வெட்டுத்துண்டுகளும் அவர்களுக்கு மூலப்பொருள்கள். துண்டுகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி இணைத்து, நடுவே பஞ்சு விரித்து, அடித்துணியோடு சேர்த்து ஓட்டுத்தையல் போட்டால் போர்வை ஆகிறது. மேனாட்டார் இதனைக் குவில்ட் என்பர். இதற்கான பாடங்கள் இணையத்தில் ஏராளமாய்க் கிடைக்கின்றன.

அம்மகளிர் கேட்டுக்கொண்டபடி ஒரு பாடத்தைத் தேர்ந்து, மெட்ரோ ரயில் தூண்களை ஒட்டியிருந்த ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டுக் கொடுத்தோம். பாடம் 24 பக்கம், பத்துப் படிகள், ஆக 240 தாள்கள். விரித்துப் பார்த்தபோதுதான் விளங்கிற்று: பயனுள்ள பக்கங்கள் பத்தே. எஞ்சிய பதினான்கும் விளம்பரங்களும், பிறர் எழுதிய பாராட்டுரைகளும், வண்ணப் படங்களுமே.

அதனினும் பெரிய பிழை மறுநாள் தெரிந்தது. அச்சிட்ட அளவுத்தாளை வைத்து ஒரு வரிசைச் சதுரங்களையும், ஸ்கேலால் அளந்து அடுத்த வரிசைச் சதுரங்களையும் வெட்டியிருந்தனர். தைத்து முடித்தபின் இரு வரிசைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் டேப்பைத் தாளின்மேல் வைத்துக் காட்டி, “சார், தாளிலே ஆறரை அங்குலம் என்று போட்டிருக்கிறது, டேப்பிலே ஆறரை இல்லையே!” என்றார். நாம் தலைகுனிந்தோம். பெரிய சதுரங்களைச் சிறியவற்றின் அளவுக்கு நறுக்கிப் போர்வையைக் காப்பாற்றினர். ஆயினும் வாங்குவோருக்கு ஒப்பிய அளவு கிட்டவில்லை. ஒரு நாள் உழைப்பும் வீணாயிற்று.

பிழையின் காரணம்

அமெரிக்கர் வழங்கும் தாள் 8.5 அங்குல அகலமும் 11 அங்குல நீளமும் உடையது. நாம் வழங்கும் ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உடையது; அதாவது அகலத்தில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் குறைவு. அச்சிடும்போது ‘ஃபிட் டு பேஜ்’ என்ற கட்டளையைத் தேர்ந்தால், கணினி அமெரிக்கப் பக்கத்தை நம் தாளுக்குள் அடங்கும்படி நூற்றுக்கு 97 அளவாகச் சுருக்கிவிடுகிறது. படிக்கும் எழுத்துக்கு இதனால் கேடில்லை. துணி வெட்டும் அளவுக்கோ பெருங்கேடு. 6.5 அங்குலச் சதுரம் 6.32 அங்குலமாகிறது. ஒரு சதுரத்தில் இது சிறிதே. எட்டுச் சதுரங்கள் கொண்ட வரிசையில் ஏறத்தாழ 1.4 அங்குலம் குறைகிறது.

ஆதலின் அளவுத்தாளை அச்சிடும்போது ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 விழுக்காடு என்பதையே தேர்தல் வேண்டும். முதலில் ஒரே ஒரு தாளை அச்சிட்டு அளந்து பார்த்தல் வேண்டும். பல பாடங்களில் சோதனைக்கென ஓர் அங்குலக் கட்டம் வரைந்திருப்பர். அதை மட்டும் நம்பலாகாது. ஓர் அங்குலத்தில் 97 விழுக்காட்டுச் சுருக்கம் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு; கண்ணுக்குத் தெரியாது. வடிவத்தின் நீண்ட பக்கத்தை அளந்தால் பிழை உடனே பிடிபடும். தையலுக்கு விடும் துணி பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். அது அளவுத்தாளில் சேர்ந்துள்ளதா, தனியே விடவேண்டுமா என்பதையும் வெட்டுமுன் படித்தறிக.

சேமிக்கும் முறை

கண்டதை உடனே அச்சிடாமல் முதலில் சேமித்தல் நன்று. இணையப் பக்கம் இன்றிருக்கும், நாளை மறையும். கணினியில் கண்ட்ரோல் விசையோடு பி விசையை அழுத்தினால் அச்சிடும் பலகை தோன்றும். அதில் அச்சுப்பொறியின் பெயருக்குப் பதிலாக ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ என்பதைத் தேர்ந்தால், பாடம் ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும். ஒரு தாளும் செலவாகாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் பகிரும் பட்டியல் வழியே அச்சிடும் கட்டளைக்குச் சென்று இதனைச் செய்யலாம். பயர்பாக்ஸ், சபாரி போன்ற உலாவிகளில் வாசிப்பு முறை ஒன்றுண்டு. அதனை முதலில் இயக்கினால் விளம்பரங்கள் பெரும்பாலும் நீங்கி, பாடமும் படங்களும் மட்டும் எஞ்சும்.

கோப்புக்குப் பாடத்தின் பெயர், எழுதியவர் பெயர், சேமித்த தேதி ஆகியவற்றை இட்டு வைப்பது நலம். பெயரில்லாத கோப்பு, முகவரியில்லாத கடிதம் போன்றது.

தாளின் கணக்கு

சேமித்த கோப்பைப் படித்து, வேண்டிய பக்கங்களின் எண்களை மட்டும் குறித்துக்கொள்க. நம் பாடத்தில் வேண்டியவை பத்துப் பக்கங்கள். அவற்றுள் அளவுத்தாள் இரண்டு. இவற்றைச் சுருக்காமல் ஒரு புறம் மட்டும் அச்சிட இரண்டு தாள்கள் வேண்டும். எஞ்சிய எட்டும் செய்முறைப் பக்கங்கள். ஒரு புறத்துக்கு இரண்டு பக்கம் வீதம் இரு புறமும் அச்சிட்டால் இரண்டே தாள்கள். ஆக 24 தாள்களுக்குப் பதில் நான்கு தாள்கள். பத்துப் பேருக்கு 240க்குப் பதில் 40.

மிச்சம் 200 தாள்கள். 80 கிராம் வகை ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ ஐந்து கிராம் எடையுள்ளது. எனவே மிச்சமானது ஒரு கிலோ தாள். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்து வருவதைக் கரும்பு விவசாயிகள் அறிவர். தாள் வயலிலிருந்தும் வருகிறது. அதை வீணாக்குவோர் ஒரு விவசாயியின் விளைவையும் சேர்த்தே வீணாக்குகின்றனர்.

மையின் கணக்கு

மைப்பெட்டியின்மேல் இத்தனை பக்கம் அச்சிடும் என்று எழுதியிருப்பர். அக்கணக்கு, பக்கத்தின் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே மை படியும் என்ற கருத்தில் போடப்படுவது. பக்கம் நிறைந்த வண்ணப் படமோ பன்மடங்கு மையை விழுங்கும். ஆகவே செய்முறைப் பக்கங்களைக் கறுப்பு வெள்ளையிலும், ‘டிராஃப்ட்’ என்னும் மெல்லிய அச்சிலும் எடுப்பதே போதும். பின்னணி நிறங்களை அச்சிடும் கட்டளையை நீக்கிவிடுக. வண்ணச் சேர்க்கையைக் காண வேண்டின் கைப்பேசித் திரையில் காண்க. அல்லது உம் கைத்துணித் துண்டுகளையே தாளின் ஓரத்தில் ஒட்டிக்கொள்க. அதைவிடச் சரியான வண்ணத்தை எந்த மையும் தராது.

சங்கத்தில் மை பீச்சும் அச்சுப்பொறி இருப்பின் அதை மாதக்கணக்கில் சும்மா விடலாகாது. துளைகளில் மை உலர்ந்து அடைபடும். அடைப்பை நீக்கும் துப்புரவுக்கும் மையே செலவாகும். வாரம் ஒரு பக்கம் அச்சிட்டு வந்தால் அந்நிலை பெரும்பாலும் நேராது.

ஒரு முறை வரைக. பல முறை வழங்குக

ஜக்கார்டு நெசவாளர் பூ வேலையைக் கிராப் தாளில் ஒரு முறை வரைகின்றனர். அதைக் கொண்டு அட்டைகளில் துளையிடுகின்றனர். பின்னர் அவ்வட்டைகள் எத்தனையோ சேலைகளுக்குப் பயன்படுகின்றன. ஒட்டுப்போர்வைக்கும் இதுவே வழி. அளவுத்தாளை ஆளுக்கொன்று அச்சிடுவானேன்? ஒன்றை அச்சிட்டு, அளவு சரிபார்த்து, சேலைப் பெட்டி அட்டையிலோ பழைய எக்ஸ்ரே படத்திலோ ஒட்டி வெட்டுக. அதனை மூலமாக வைத்து மற்றவற்றை வெட்டிக்கொள்க. வெட்டியதை வைத்து அடுத்ததை வெட்டாமல், ஒவ்வொரு முறையும் மூலத்தையே வைத்து வெட்டுக. இல்லையேல் பென்சில் கோட்டின் பருமனும் அளவில் சேர்ந்து வளரும்.

இங்கு நேர்மையும் கருதத்தக்கது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, 52ஆம் பிரிவு, ஒருவர் தம் சொந்தப் பயனுக்கு நியாயமான அளவில் பிறர் படைப்பைக் கையாள இடந்தருகிறது. பலருக்குப் படியெடுத்து வழங்கவோ விற்கவோ கருதினால் உரியவரின் இசைவைக் கேட்டுப் பெறுதலே முறை. பாடத்தை எழுதியவரும் நம்மைப் போன்ற உழைப்பாளியே.

1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் கூட்டுறவுக் கடையைத் தொடங்கினர். அச்சங்கம் பின்னர் தன் மிச்சத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, அங்கத்தினருக்காக நூலகமும் நடத்தியது. அவ்வழியில் நம் சங்கமும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு படியும் ஒரு தொகுதி வெட்டு அட்டையும் உறையிலிட்டு, இரவல் பதிவேட்டில் எழுதி வழங்கலாம். கரையான்சாவடி மகளிர் இன்று அவ்வாறே செய்கின்றனர். அளவைச் சரிபார்க்கும் பொறுப்பு, டேப்பை வைத்துக் காட்டிய அந்த அம்மையாருடையது.

படிப்புக் குழுவில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. சென்ற ஆண்டு நம் சங்கத்தில் அச்சுக்கும் எழுதுபொருளுக்கும் ஆன செலவு எவ்வளவு? அதில் தவிர்த்திருக்கக் கூடியது எவ்வளவு?

2. 100 விழுக்காட்டு அளவில் அச்சிட வேண்டிய தாள்கள் எவை? சுருக்கி அச்சிடத் தக்கவை எவை?

3. இரவலுக்கு வழங்கும் பாட உறைகளை யார் பாதுகாப்பது? தொலைந்தால் ஈடு செய்வது எங்ஙனம்?