ரிப்ளேயில் மூழ்கிய கப்பல்

மின்னஞ்சலில் கோப்பு அனுப்பி ஆடும் போர் விளையாட்டுகளில் எல்லோரையும் ஒரு நாள் குழப்பும் சிக்கல், ரிப்ளே பொருந்தாமல் போவது. திரையில் ஒன்று நடக்கிறது. டர்னைத் திறந்தால் வேறொன்று இருக்கிறது. இதைச் சுற்றிப் பல நம்பிக்கைகள் உலவுகின்றன. சில நேரத்தை வீணாக்குபவை. ஒன்று நட்பையே கெடுப்பது.

'வார் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்' ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2009-இல் மேட்ரிக்ஸ் கேம்ஸ் வெளியிட்டது. 1941 டிசம்பரில் தொடங்கும் பசிபிக் போரை, டர்னுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இருவர் முழுதாக ஆடினால் பல வருடம் பிடிக்கும். ஜப்பான் தரப்பு உத்தரவுகளைப் போட்டு அனுப்பும். நேசநாட்டுத் தரப்பு தன் உத்தரவுகளைச் சேர்த்துத் திருப்பி அனுப்பும். ஜப்பான் தரப்பின் கணினியில் அந்த நாள் ஓடும். பிறகு ரிப்ளே கோப்பும் அடுத்த டர்னின் சேவ் கோப்பும் நேசநாட்டுத் தரப்புக்கு வந்து சேரும்.

1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அது வரலாறு. ஆட்டத்தில் அந்தக் கப்பல் தப்பவும் செய்யலாம். நீங்கள் நேசநாட்டுத் தரப்பு. ரிப்ளேயில் ஹெர்மிஸ் தீப்பிடித்து மூழ்குகிறது. சேவ் கோப்பைத் திறந்தால் கீறல்கூட இல்லாமல் திருகோணமலையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எது உண்மை?

நம்பிக்கை: ரிப்ளே என்பது நடந்ததன் பதிவு.

டிவியில் கிரிக்கெட் ரிப்ளே பார்த்துப் பழகியதால் வரும் எண்ணம் இது. சில விளையாட்டுகளில் இது சரியும்கூட. 'காம்பாட் மிஷன்' ஆட்டத்தில் ஒரு டர்ன் என்பது 60 விநாடி. ஒரு கணினி கணக்குப் போட்டு முடித்து, அதன் விளைவையே கோப்பில் வைத்து அனுப்புகிறது. மற்றவர் பார்ப்பது நடந்ததைத்தான்.

'அட்மிரல்ஸ் எடிஷன்' போன்ற வேறு பல ஆட்டங்கள் அப்படிச் செய்வதில்லை. ரிப்ளே கோப்பில் இருப்பது தொடக்க நிலை, இரு தரப்பு உத்தரவுகள், ரேண்டம் எண்களுக்கான தொடக்க எண், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு உங்கள் கணினி அந்த நாளை மறுபடி கணக்கிடுகிறது. கோப்பு சிறியதாக இருக்கும் என்பது இதன் லாபம். இரண்டு கணினிகளும் ஒவ்வொரு படியிலும் ஒரே விடைக்கு வந்தாக வேண்டும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

ஓர் எண் தவறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 7-இல் தொடங்குங்கள். 5-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை வைத்துத் திரும்ப அதையே செய்யுங்கள். 6, 1, 8, 11, 10, 5 என்று வரும். ரேண்டம் எண்கள் என்று நாம் சொல்பவை இதே வகைக் கணக்கின் பெரிய வடிவங்கள்தான். 10-க்கு மேல் வந்தால் குண்டு படும் என்பது விதி. ஹெர்மிஸ் மேல் மூன்று குண்டுகள் விழுகின்றன: 6, 1, 8. மூன்றும் கடலில். இப்போது உங்கள் கணினி ஏதோ ஒரு காரணத்தால் முன்கூட்டியே ஓர் எண்ணை அதிகமாக எடுத்துவிட்டது. வரிசை 1, 8, 11 ஆகிறது. மூன்றாவது குண்டு தளத்தைத் துளைக்கிறது. அதற்குப் பிறகு அந்த நாளின் எந்தச் சண்டையும் பழையபடி நடக்காது.

அந்த ஓர் எண் எப்படித் தவறும்? இருவரிடமும் வெவ்வேறு பேட்ச் இருக்கலாம். ஒருவர் மோட் போட்டுத் தரவை மாற்றியிருக்கலாம். ஒரு ரிப்ளேயைப் பார்த்துவிட்டு, விளையாட்டை மூடாமலே அடுத்ததைத் திறந்ததில் பழைய மதிப்பு ஏதேனும் நினைவகத்தில் தங்கியிருக்கலாம். தசமக் கணக்கு தனிக்கதை: கணினியில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டிவிட்டு 0.3-ஐச் சேர்த்தால் 0.6000000000000001 வரும், 0.2-ஐயும் 0.3-ஐயும் முதலில் கூட்டிவிட்டு 0.1-ஐச் சேர்த்தால் 0.6 வரும். பதினாறாவது இடத்து வித்தியாசம், ஒரு விமானம் இலக்கை எட்டுமா என்ற கேள்வியில் போய் முட்டினால் போதும்.

ஆக, ஹெர்மிஸ் திருகோணமலையில்தான் இருக்கிறது. சேவ் கோப்பில் உள்ளதே நடந்தது. ரிப்ளே, உங்கள் கணினி தப்பாகப் போட்ட கணக்கு.

நம்பிக்கை: எதிராளி டர்னைத் திரும்பத் திரும்ப ஓட்டி, தனக்குச் சாதகமானதை அனுப்பியிருக்கிறார்.

இதைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன். நிதானமாக யோசித்தாலே இது நிற்காது. ஏமாற்ற நினைப்பவர் தனக்குப் பிடித்த ஓட்டத்தின் ரிப்ளேயையும் அதே ஓட்டத்தின் சேவையும் சேர்த்துத்தான் அனுப்புவார். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்தாத ரிப்ளே மோசடிக்குச் சாட்சியே அல்ல. நடுவில் மின்சாரம் போய், டர்னை இரண்டாம் முறை ஓட்டியவர் பழைய ரிப்ளேயையும் புதிய சேவையும் கலந்து அனுப்பிவிடுவது உண்டு. கேட்டால் சொல்லிவிடுவார். வருடக்கணக்கில் தினமும் கடிதம்போல் கோப்பு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவர்மேல், ஒரு கணக்குப் பிழையை வைத்துப் பழி போடுவது அநியாயம்.

நம்பிக்கை: எதிரிக் கப்பல் மூழ்கியதாகக் காட்டிவிட்டு, பின்னர் அது திரும்ப வந்தால் அது கோளாறு.

பெரும்பாலும் இல்லை. எதிரியின் இழப்புகளை விளையாட்டு வேண்டுமென்றே மங்கலாகக் காட்டும். நிஜப் போரில் விமானிகள் மூழ்கடித்தோம் என்று சொன்ன கப்பல்கள் பல பிறகு மிதந்துவந்தன; அதையே ஆட்டத்திலும் வைத்திருக்கிறார்கள். அதனால் ரிப்ளேயைச் சோதிக்க உங்கள் சொந்தக் கப்பல்களையும் விமானப் படைப்பிரிவுகளையும் மட்டும் பாருங்கள். அவற்றின் நிலை உங்களுக்கு மறைக்கப்படுவதில்லை.

நம்பிக்கை: கோப்பு மின்னஞ்சலில் கெட்டுப்போய்விட்டது.

ஜிப் செய்து அனுப்பியிருந்தால் இது அநேகமாக நடக்காது. ஜிப்புக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண் இருக்கிறது. உள்ளே ஒரு பிட் மாறினாலும் பிரிக்கும்போதே பிழைச் செய்தி வரும். கெட்ட கோப்பு திறக்காது, அல்லது விளையாட்டை முடக்கும். ஒரே ஒரு கப்பலை மட்டும் மூழ்கடித்துவிட்டு மற்றதை அழகாக ஓட்டாது. கணினி பழசு, வேகம் போதாது என்பதும் இதே ரகம்: மெதுவான கணினி தாமதமாகக் காட்டும், வேறு விடை சொல்லாது.

நம்பிக்கை: டர்னை மறுபடி ஓட்டச் சொன்னால் சரியாகிவிடும்.

ஓட்டச் சொல்லாதீர்கள். ஒரே நாளுக்கு இரண்டு சரித்திரங்கள் உருவாகும். அதற்குள் ஒருவர் அடுத்த உத்தரவுகளைப் போடத் தொடங்கியிருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். முதலில் இருவரும் விளையாட்டின் பதிப்பு எண்ணை ஒப்பிடுங்கள். டர்னை ஓட்டும் முன்பும் ரிப்ளே பார்க்கும் முன்பும் விளையாட்டை முழுதாக மூடித் திறங்கள். பழைய கோப்பின்மேல் புதியதை எழுதாமல், தேதிவாரியாக ஒரு ஃபோல்டரில் சேர்த்துவையுங்கள். டர்னை ஓட்டியவரிடம் அவர் கணினியில் உருவான சண்டை அறிக்கையையும் ஒவ்வொரு முறையும் கூடவே அனுப்பச் சொல்லுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்புதான். உங்கள் கணினியில் உருவான அறிக்கையோடு அதை வரிக்கு வரி ஒப்பிட்டால், எந்தச் சண்டையில் கணக்கு பிரிந்தது என்பது தெரிந்துவிடும். அந்தச் சண்டைக்கு முன்பு வரும் ரிப்ளேயை நம்பலாம், அதிலிருந்து வருவதை விட்டுவிடலாம்.