மிஷனரிகள் ஏறிய மலைக்கு ஒரு நாள்

மதுரைப் பக்கம் ஊழியம் செய்ய வந்த அமெரிக்க மிஷனரிகளை வெயிலும் காய்ச்சலும் காலராவும் வாட்டி எடுத்தன. குளிர்ச்சி தேடி 1845-இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டினார்கள். பெரியகுளம் பக்கமிருந்து காட்டுப்பாதையில்தான் ஏற்றம். நடக்க முடியாதவர்களை டோலியில் உட்காரவைத்து, மூங்கில் கழி தோளில் அழுந்த உள்ளூர் ஆட்கள் சுமந்தார்கள். அந்தத் தோள்களையும் நினைக்க வேண்டும்.

இன்று கொடைக்கானலுக்கு மார்க்கையன்கோட்டைக்காரர்கள் சின்னமனூர், தேனி என்று பஸ் மாறிப் போகலாம். விடியற்காலையில் கிளம்பினால் ஒரு பகல் கையில் இருக்கும். சொந்தக் காருக்கு இ-பாஸ் முன்கூட்டியே எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஸ்வெட்டர் அவசியம்.

மேலே போனதும் சலேத் மாதா ஆலயத்தையும், இயேசு சபையினர் 1895-இல் தொடங்கிய செண்பகனூர் அருங்காட்சியகத்தையும் தவறவிடக் கூடாது. பாடம் செய்த விலங்குகளைப் பார்க்கப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போகலாம். ஆலயத்தில் திருப்பலி நடக்கும்போது போட்டோ வேண்டாம்.

அடிவாரத்துக் கும்பக்கரையிலிருந்து நடந்து ஏற விரும்புகிறவர்கள் முதலில் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். வழியிலுள்ள வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. நீங்களும் எல்லையிலேயே கழற்றிவிடுங்கள்.