காவிரி பிறக்கும் மலையில் நிழல் மரங்கள்

தலைக்காவிரி இருப்பது குடகு மலையில். அங்கே வனத்துறையின் காட்டை ஒட்டியே விவசாயிகளின் காப்பித் தோட்டங்களும் இருக்கின்றன. அந்தத் தோட்டங்களைப் பற்றிய சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்பது காவிரித் தண்ணீரை நம்பி வாழும் நமக்கும் அவசியம்.

நம்பிக்கை: விவசாயியை விலக்கி வைத்தால்தான் காடு பிழைக்கும்.

உண்மை: குடகில் காப்பி வளர்வதே பெருமரங்களின் நிழலில்தான். பலா, அத்தி, ஈட்டி என நாட்டு மரங்கள் நிற்கின்றன. அவற்றின் மேல் மிளகுக்கொடி ஏறுகிறது. அத்திப்பழம் தேடி இருவாச்சிப் பறவை வருகிறது. ஊர் மக்கள் தெய்வத்துக்கென்று விட்டுவைத்த தேவரகாடுகள் மட்டும் 1,200-க்கு மேல்.

நம்பிக்கை: நிழல் விளைச்சலைக் கெடுக்கும்.

உண்மை: அரபிகா காப்பிச் செடியைக் கொல்லும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு வெயில் விழும் செடிகளையே அதிகம் தாக்கும். நிழல் அதற்குத் தடை. உதிரும் சருகு மண்ணின் ஈரத்தைக் காக்கிறது, சரிவில் மண் அரிப்பைக் குறைக்கிறது. நிழல் மிஞ்சினால் கறுப்பு அழுகல் நோய் வரும் என்பதும் மெய். அதனால்தான் பருவமழைக்கு முன் கிளைகளைக் கழித்துவிடுகிறார்கள்.

நம்பிக்கை: எந்த மரம் நட்டாலும் ஒன்றுதான்.

உண்மை: ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் வேகமாக, நேராக வளரும், மிளகு ஏற்றவும் தோதானது. ஆனால் பழந்தின்னிப் பறவைகளுக்கு அதில் இரை இல்லை. பிறகு ஏன் அதையே நடுகிறார்கள்? அதை வெட்டி விற்பது எளிது. நாட்டு மரங்களுக்கோ கடும் விதிகள். குடகின் சில வகை நிலங்களில் மரத்தின் உரிமையே அரசிடம் இருக்கிறது. வளர்ந்தபின் தனக்கு உதவாத ஈட்டிக்கன்றை எந்த விவசாயி பார்த்துப் பார்த்து வளர்ப்பார்?

நம்பிக்கை: இப்படித் தோட்டம் இருந்தால் காடே தேவையில்லை.

உண்மை: காப்பிக்காகத் தரையில் புதர் நீக்கப்படுவதால் காட்டு மரக்கன்றுகள் தாமாக எழும்ப வழி குறைவு. அடர்காட்டில் மட்டுமே வாழும் உயிர்களுக்கு அங்கே இடமில்லை. துண்டுபட்டுக் கிடக்கும் காடுகளுக்கு நடுவே உயிர்கள் கடந்துபோக வழிவிடுவதே தோட்டத்தின் பணி. எஞ்சிய காட்டில் ஒரு ஏக்கரைக்கூட இதைக் காரணம் காட்டி இழக்கக் கூடாது.

நாட்டு மரத்தை நட்டு வளர்ப்பவருக்கு அதன் பயனில் முழு உரிமை தர வேண்டும். வளர்த்தவர் கைக்குப் பலன் வரும் மரம்தான் அடுத்த தலைமுறைக்கும் நிற்கும்.