நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் கேட்கப் போகிறீர்களா?

அமெரிக்காவின் இந்த ஊருக்கு முதல்முறை போகிறவர்கள் போர்பன் தெருவிலேயே இரவைக் கழித்துவிடுவார்கள். அங்கே கூச்சல்தான் அதிகம். எட்டிப் பார்த்துவிட்டு, கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடந்து ஃபிரெஞ்ச்மென் தெருவுக்குப் போய்விடுங்கள். ஸ்பாட்டட் கேட் போன்ற சின்னச் சின்ன பார்கள் அங்கே நெருக்கியடித்து நிற்கும். வாசலில் நின்று இரண்டு நிமிடம் கேளுங்கள். டிரம்பெட் பிடித்திருந்தால் உள்ளே நுழையுங்கள்.

பல இடங்களில் நுழைவுக் கட்டணம் இருக்காது. பதிலுக்கு ஆளுக்கு ஒரு பானமாவது வாங்கச் சொல்வார்கள். நடுவில் ஒரு வாளி சுற்றி வரும். மேடையில் வாசிப்பவர்களுக்கு அதுவும் கூலிதான். அப்போது செல்போனைப் பார்க்காதீர்கள்! ஐந்து டாலர் தாள்கள் சில சட்டைப்பையில் இருக்கட்டும்.

மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், பாஸ்போர்ட் கேட்பார்கள். மிச்சத்தைப் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றித் தெருவுக்கு எடுத்துப் போகலாம், கண்ணாடி கூடாது.

குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் 1961-ல் தொடங்கிய பிரிசர்வேஷன் ஹால்தான் சரி. மது விற்பதில்லை; கச்சேரி முக்கால் மணி நேரம்தான். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.