26 கிலோ சிப்பம் கற்பிக்கும் பாடம்



நம் ஆரணிக்குப் பெயர் வாங்கித் தந்தவை இரண்டு. ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி. தறி ஓடினால் நெசவாளர் கையில் கூலி புரளும். கூலி புரண்டால்தான் நம் மளிகைக் கடையில் பற்று எழுதிய நோட்டு நேராகும். எனவே பட்டுக்கு வரி வந்தாலும் அரிசிக்கு வரி வந்தாலும் அதன் பாரம் கடைசியில் நம் கல்லாவுக்குத்தான் வந்து சேருகிறது. அந்த வரியை யார் போடுகிறார்கள், எங்கே போடுகிறார்கள் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டாமா?

அரிசிக் கடையில் இப்போது 26 கிலோ சிப்பம் விற்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். "25 கிலோதானே வழக்கம், ஒரு கிலோ ஏன் கூடியது?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். காரணம் இதுதான். பதிவு பெற்ற பிராண்டு பெயரில் விற்ற அரிசிக்கு மட்டுமே முன்பு 5 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரி இருந்தது. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி அனைத்துக்கும், 25 கிலோ வரை அந்த வரி வந்தது. 25 கிலோவைத் தாண்டிய சிப்பத்துக்கும், சில்லறையாக எடை போட்டு விற்பதற்கும் வரி இல்லை. ஆகவேதான் 26 கிலோ.

இந்த அரிசி வரியைக் கொண்டு வந்தது யார்? சென்னைச் சட்டமன்றமா, டில்லி நாடாளுமன்றமா? நேரடியாக இரண்டும் இல்லை. அது ஜி.எஸ்.டி. கவுன்சில் 2022 ஜூன் மாதம் சண்டிகரில் கூடிச் செய்த பரிந்துரை. நம் அரசியல் அமைப்பின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உண்டு. மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. பழைய விற்பனை வரி மாநிலப் பட்டியலில் இருந்தது. அந்நாளில் வரிக் குறை என்றால் சென்னைக்கு மனு எழுதினோம்; அது சரியாகவும் இருந்தது. 2016இல் வந்த 101ஆவது திருத்தம் இதை மாற்றியது. 2017 ஜூலை 1 முதல் மத்திய அரசும் மாநில அரசும் ஒரே சரக்கின் மீது சேர்ந்து வரி விதிக்கின்றன. விகிதத்தைப் பேசி முடிவு செய்யும் இடம் கவுன்சில்.

கவுன்சிலின் தலைவர் மத்திய நிதி அமைச்சர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் அமைச்சர் உறுப்பினர். வாக்கெடுப்பு நடந்தால் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். தராசில் வைத்துப் பாருங்கள். மத்திய அரசு தனியாக எதையும் நிறைவேற்ற முடியாது. மாநிலங்கள் எல்லாம் ஒன்று கூடினாலும் மத்திய அரசு இல்லாமல் முடியாது. பெரிய மாநிலமான நமக்கும் சிறிய கோவாவுக்கும் வாக்கின் எடை ஒன்றுதான். கவுன்சில் சொல்வது பரிந்துரையே, கட்டாயம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆனாலும் நடைமுறையில் அதன் சொல்லே விகிதமாகிறது.

குரல் கொடுத்தால் பலன் உண்டா? இதற்கு ஒரு சான்று கூறுவோம். துணி, ஆயத்த ஆடைகளின் வரியை 5 சதவீதத்திலிருந்து 12 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2021 நவம்பரில் வந்தது. 2022 ஜனவரி 1 முதல் அமல் என்றார்கள். சூரத் ஜவுளி வணிகர்கள் கடையடைத்தனர். குஜராத், தமிழ்நாடு, மேற்கு வங்கம் உள்ளிட்ட மாநிலங்கள் வேண்டாம் என்றன. அமலுக்கு முதல் நாள், டிசம்பர் 31 அன்று, கவுன்சில் கூடி உயர்வைத் தள்ளி வைத்தது. அதே அறிவிப்பு வரிசையில் இருந்த காலணிக்கு அந்த நிவாரணம் கிடைக்கவில்லை. ஜனவரி 1 அன்று 1,000 ரூபாய் வரையிலான செருப்புக்கு 12 சதவீதம் வந்தே விட்டது. 2025 செப்டம்பர் 22 அன்றுதான் அது 5க்குத் திரும்பியது. அன்றே சோப்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவையும் 18இலிருந்து 5க்கு இறங்கின.

எனவே எந்தக் குறைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதை மனத்தில் கொள்வோம்.

1. வரி விகிதம்: மாநில வணிகவரித் துறைக்கும் நம் மாநில அமைச்சருக்கும் மனு. விகிதக் கோரிக்கைகளை முதலில் ஆராய்வது மத்திய, மாநில அதிகாரிகள் அடங்கிய குழு. ஆகையால் சரக்கின் பெயர், இப்போதைய வரி, நமக்கு ஏற்படும் இழப்பு ஆகியவற்றைக் கணக்கோடு எழுத வேண்டும்.

2. கச்சாப் பட்டு இறக்குமதித் தீர்வை: இது மத்திய அரசு மட்டும் முடிவு செய்வது. கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும் நாடாளுமன்றம் இயற்றியதே. இவற்றுக்கு நம் நாடாளுமன்ற உறுப்பினரை அணுக வேண்டும். 2009 தேர்தல் முதல் ஆரணி தனி மக்களவைத் தொகுதி. போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, மயிலம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதில் அடங்கும். உறுப்பினர் அவையில் கேள்வி எழுப்பினால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் பதிவாகும்.

3. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம்: மாநில அரசின் கைத்தறித் துறை, இதற்குச் சட்டமன்ற உறுப்பினர்.

4. எடைக்கல், தராசு முத்திரை: சட்டம் டில்லியில் இயற்றியது, முத்திரை வைப்பது மாநிலத் தொழிலாளர் துறை. உணவுப் பாதுகாப்பும் அப்படியே. சட்டத்தில் குறை என்றால் டில்லி. சோதனையில் குறை என்றால் மாவட்ட அலுவலகம்.

5. கடை உரிமம், சொத்து வரி, குப்பை, சாக்கடை: நகராட்சி, இதற்கு நம் வார்டு உறுப்பினர்.

தவறான கதவைத் தட்டினால் மனு மேசை மேசையாக நகரும். அதற்குள் அமல் தேதி வந்துவிடும். மனு எழுத உட்காரும்போது முதல் வரியில் "பெறுநர்" என்று எழுதுகிறோம் அல்லவா? அந்த ஒரு வரியைச் சரியாக எழுதுவதே இன்று நாம் கற்க வேண்டிய பாடம். 26 கிலோ சிப்பத்தைத் தூக்கும் போதெல்லாம் இதை நினைவில் கொள்வோம். சேர்ந்து கேட்போம், கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம்.