கொழும்பு வீட்டில் பெரிய நாய்: வளர்ப்போருக்குப் பயனுள்ள குறிப்புகள்

கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்கும் டுப்ளிகேஷன் வீதிக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் முன்னர் வளவோடு கூடிய வீடுகள் வரிசையாக இருந்தன. இன்று அந்த இடங்களில் பெரும்பாலும் அடுக்குமாடிகள். ஆனாலும் அல்சேஷன், ரொட்வைலர், லப்ரடோர் வளர்க்கும் ஆசை யாருக்கும் குறையவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான். இடம் சிறியது என்பதற்காகப் பெரிய நாய் வளர்க்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். காலையும் மாலையும் நன்றாக நடந்துவிட்டு மிச்ச நேரம் வீட்டாரோடு பிளட்டுக்குள் இருக்கும் நாய், பெரிய வளவில் நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாயைவிட உடலாலும் குணத்தாலும் நன்றாக இருக்கும். இடத்தைவிட, நீங்கள் அதற்கு ஒதுக்கும் நேரம்தான் முக்கியம்.

1. காவலுக்கென்று வாங்கிய நாயைக் கேற்றடியில் கட்டி வைக்காதீர்கள். கட்டிய நாய்க்கு வீட்டுக்கு வருபவர் யார், வேண்டாதவர் யார் என்று பிரித்தறியும் வாய்ப்பே இல்லை. தெருவால் போகிற எல்லோரையும் பார்த்துக் குரைக்கும். சில மாதங்களில் அதன் குரைப்பை அயலவரும் நீங்களும் பொருட்படுத்தமாட்டீர்கள். அவிழ்ந்த நாளில் கடிப்பதும் பெரும்பாலும் இப்படி வளர்ந்த நாய்தான். வீட்டுக்குள் உங்களோடு பழகிய நாய், உங்கள் முகத்தையும் குரலையும் கவனித்தே வந்தவரை எடைபோடும். காவல் என்பது அதுதான்.

2. குட்டியை எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்து எடுக்கவேண்டாம். ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைக்கும் அது எதைப் பயமில்லாமல் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதெல்லாம் வாழ்நாள் முழுக்க அதற்குப் பழக்கமானதாகிவிடும். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், சேலை கட்டியவர், சக்கர நாற்காலி, லிப்ட், முச்சக்கரவண்டி எல்லாவற்றையும் அந்த வயதிலேயே காட்டுங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்காமல் தூக்கிக்கொண்டே காட்டலாம். கொள்ளுப்பிட்டி ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று இரண்டு ரயில் போவதைப் பார்க்கவைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு அவித்த கோழி கொடுங்கள். அது போதும்.

3. கொழும்புத் தமிழ் வீட்டில் அம்மம்மா தமிழில் பேசுவார், பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசுவார்கள், வேலைக்கு வருபவர் சிங்களத்தில் பேசுவார். நாய்க்கு இதனால் தொல்லை இல்லை. ஒரே கட்டளைக்கு மூன்று சொல் வந்தால்தான் தொல்லை. இரு, வா, விடு, நில் என்ற நான்குக்கும் எந்தச் சொல், எந்தக் கைச்சைகை என்று வீட்டார் எல்லோரும் கூடித் தீர்மானித்து, அதைக் குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். ஒருவர் செட்டியில் ஏற விட்டு மற்றவர் அடித்து இறக்கினால் நாய் பயத்தை மட்டுமே கற்கும்.

4. ஐந்து கிலோக் குட்டி மேலே பாய்ந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். அதே நாய் முப்பத்தைந்து கிலோவில் பாய்ந்தால் அம்மம்மாவின் இடுப்பெலும்பு முறியும். முதல் நாளிலிருந்தே, பாய்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட நொடியில் குனிந்து தடவுங்கள். வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நடக்கும்போது இழுத்தால் நின்றுவிடுங்கள். வார் தளர்ந்த பிறகுதான் அடுத்த அடி. கழுத்தை நெரிக்கும் சங்கிலிக்குப் பதில், நெஞ்சின் முன்பக்கம் கொளுவும் மார்புப் பட்டி வாங்குங்கள். பலம் குறைந்தவரும் பெரிய நாயைப் பிடித்துக்கொள்ளலாம்.

5. குரைப்பைக் கட்டுப்படுத்த நல்ல பயிற்சி, பாண் விற்க வரும் முச்சக்கரவண்டி. தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், அதே பீத்தோவன் மெட்டோடு வரும். தூரத்தில் மெட்டுக் கேட்கத் தொடங்கியதும், நாய் குரைப்பதற்கு முன்பே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பாயில் இருக்கச் சொல்லி, சின்னச் சின்னத் துண்டாகத் தின்னக் கொடுங்கள். வண்டி வாசலைத் தாண்டியதும் கொடுப்பதை நிறுத்துங்கள். நாளடைவில் அந்த மெட்டுக் கேட்டதுமே நாய் தானாக எழுந்து பாயில் போய் இருந்து உங்கள் முகத்தைப் பார்க்கும். தபால்காரருக்கும் கதவு மணிக்கும் இதே முறைதான். குரைத்த பிறகு கத்துவதில் பயன் இல்லை. நீங்களும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அது நினைக்கும்.

6. வெப்பம். கொழும்பில் பெரிய நாய்க்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. நாய்க்கு மனிதரைப்போல் உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, அந்த ஈரம் ஆவியாவதால்தான் அது சூட்டைத் தணிக்கிறது. கடற்கரையோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த ஆவியாதல் சரியாக நடப்பதில்லை. அதனால் வெப்பமானி 31 பாகை காட்டும் நாளிலும் நாய் சுருண்டு விழலாம். பருவமழைக்கு முந்திய சித்திரை மாதம் மிக மோசம்.

காலை ஆறரைக்குள் நடையை முடியுங்கள். மாலையில் தார் ஆறிய பிறகு புறப்படுங்கள். புறங்கையைத் தெருவில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. முப்பத்தைந்து கிலோ நாய்க்கு நாளுக்கு இரண்டு லீற்றர் அளவு தண்ணீர் வேண்டும். இரண்டு இடத்தில் வையுங்கள். மின்விசிறியடியில் வெறும் தரை கிடைத்தால் அதுவே படுத்துக்கொள்ளும். யன்னலைத் திறந்துவிட்டாலும் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகவே கூடாது. அல்சேஷனின் இரட்டை ரோமத்தைச் சூட்டுக்காக மொட்டையடிக்கவும் வேண்டாம். உதிர்ந்த அடிமயிரைச் சீப்பால் வாரி எடுத்தாலே காற்றோட்டம் வரும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 பாகை செல்சியஸ். இரைப்பு அடங்காமல், எச்சில் தடித்து வழிந்து, முரசு கடும் சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கம். உடனே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க, குறிப்பாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, விசிறியைப் போடுங்கள். ஈரத் துவாயால் மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். முதலில் குளிரவையுங்கள், பிறகு மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எழுந்து நடந்தாலும் கொண்டுபோகத்தான் வேண்டும், ஏனென்றால் உள்ளுறுப்புச் சேதம் பிறகுதான் தெரியவரும்.

ஹஸ்கி, சென் பேர்னாட் போன்ற குளிர்நாட்டு இனங்களைக் கொழும்புக்குக் கொண்டுவருவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையில் அடைத்து வைப்பது வளர்ப்பாகாது.

7. பளபளக்கும் டைல்ஸ் தரை வளரும் பெரிய நாயின் இடுப்பு மூட்டுக்குக் கேடு. அல்சேஷன், லப்ரடோர், ரொட்வைலர் எல்லாவற்றுக்கும் பரம்பரையாக இடுப்பு மூட்டுக் கோளாறு வரக்கூடும். வழுக்கும் தரையும் மிஞ்சிய எடையும் அதைக் கூட்டும். அது ஓடித் திரும்பும் இடங்களில் அடிப்பக்கம் ரப்பர் வைத்த கால்மிதிகளைப் போடுங்கள். நகம் தரையில் டக் டக் என்று கேட்டால் வெட்டவேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒன்றரை வயது வரை படியில் ஓடவிடுவதையும் உயரத்திலிருந்து குதிக்கவிடுவதையும் தவிருங்கள்.

8. 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதி நாய் உணவின் விலை ஏறியபோது பல வீடுகள் சோற்றுக்கும் கோழிக்கும் திரும்பின. அதில் குறை இல்லை, ஆனால் வெறும் சோறும் குழம்பும் உணவாகாது. இறைச்சி, மீன், முட்டை நிறைய வேண்டும். சோறு அதைவிடக் குறைவு. அவித்த கரட், பூசணி, போஞ்சி கொஞ்சம். உப்பு, தூள், தேங்காய்ப்பால் வேண்டாம். வீட்டுச் சாப்பாடு மட்டும் கொடுப்பதென்றால் கல்சியமும் விற்றமின்களும் எவ்வளவு என்று மிருக வைத்தியரிடம் கேட்டே சேர்க்கவேண்டும். பெரிய இனக் குட்டிக்கு எலும்பு பலக்கட்டும் என்று நீங்களாகக் கல்சிய மாத்திரை கொடுத்தால் எலும்பு கோணலாகத்தான் வளரும். வெங்காயம், உள்ளி, சொக்லட், திராட்சை, முந்திரிகை வற்றல், சமைத்த எலும்பு ஆகியவை வாயில் படவே கூடாது. விலாவெலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கையால் தடவினால் தட்டுப்பட்டால் எடை சரி.

9. ஒரே நேரத்தில் வயிறு முட்டக் கொடுக்காமல் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் ஓடவிடவேண்டாம். நெஞ்சுக்கூடு ஆழமான கிரேட் டேன், அல்சேஷன், டோபர்மன் இனங்களில் இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்வதுண்டு. வயிறு மேளமாக உப்பும், வாந்தி எடுக்க முயலும் ஆனால் ஒன்றும் வராது, நிலைகொள்ளாமல் சுற்றும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சத்திரசிகிச்சை இல்லாமல் சில மணித்தியாலத்திலேயே உயிர் போகும். இரவிலும் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலையின் இலக்கத்தை இன்றே தொலைபேசியில் பதிந்து வையுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தை உயரத்தில் வைத்தால் இந்த இரைப்பை முறுக்கம் வராது என்று சொல்வார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உயரக் கிண்ணத்தில் தின்ற பெரிய நாய்களில்தான் இது கூடுதலாகக் காணப்பட்டது. தரையிலேயே வையுங்கள்.

10. உண்ணியைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள். எங்கள் நாய்களைக் கொல்லும் உண்ணிக் காய்ச்சல் அதனால்தான் வருகிறது. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவுச் சட்டத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பாதி வேலைதான். படுக்கைத் துணியைக் கொதிநீரில் துவையுங்கள், வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள். நடந்து வந்ததும் காதின் உட்பக்கம், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டியின் கீழ், அக்குள் இந்த நான்கிடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். அரிசிமணிபோல் தட்டுப்பட்டால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள், விரலால் நசுக்கவேண்டாம். மாதாந்த மாத்திரையோ மருந்துத் துளியோ நாயின் எடைக்கேற்ப மருத்துவரிடம் வாங்குங்கள். சாப்பாட்டை ஒதுக்கி, முரசு வெளிறி, மூக்கால் இரத்தம் வந்தாலோ சிறுநீர் கடும் நிறமானாலோ அன்றே இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும்.

11. காய்ச்சலென்று பனடோல் கொடுக்கவேண்டாம், நோவென்று புரூபன் கொடுக்கவேண்டாம். இரண்டும் நாய்க்கு நஞ்சாகும். சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில், உண்ணிக்கு மண்ணெண்ணெய் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் குடலும் வெந்துபோகும்.

12. இரண்டு கிழமைக்கு ஒரு குளிப்பு போதும், நாய்க்கான ஷாம்புவால். குளித்தபின் காதை உலர்ந்த துணியால் துடையுங்கள். கடலில் இறக்கினால் வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புத் தங்கினால் சொறி வரும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தைக் கரையில் எந்த நாயையும் தண்ணீரில் இறக்கவேண்டாம்.

13. மரைன் டிரைவில் நடப்பவர்கள் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகும்போது வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடியுங்கள். இருபக்கமும் ரயில் வரும். அலையோசையில் காதுக்கு எட்டாது. கட்டாக்காலி நாய்கள் எதிரே வந்தால் ஓடாமல், முறைக்காமல், வளைந்து விலகிப் போங்கள். மலத்தைப் பையில் அள்ளிவிடுங்கள். நாய் வளர்ப்பவர்களைப் பற்றிய முறைப்பாடுகள் பல இதனால்தான். லிப்டில் மற்றவர் ஏறினால் மூலையில் இருக்கச் சொல்லி, அவருக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள்.

14. ஆடிவேல் ரதம் காலி வீதியால் வரும்போது, பெப்ரவரிப் போயாவில் கங்காராமையின் நவம் பெரஹரா வரும்போது, தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு, டிசம்பர் 31 இரவு ஆகிய நாட்களில் நாயை முன்னேரத்திலேயே நடத்திக் களைக்கச் செய்து, உள்ளறையில் விசிறியும் வானொலியும் போட்டு விடுங்கள். அதோடு யாராவது ஒருவர் கூட இருக்கவேண்டும். வெடிச்சத்தத்தில் கேற் பாய்ந்து ஓடிய நாய்கள் பல திரும்பி வருவதில்லை. கழுத்துப்பட்டியில் தொலைபேசி இலக்கம் பொறித்த தகடு இருக்கட்டும்.

15. விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் போடவேண்டும். இலங்கையில் விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்களைப் பதிவதற்கான சட்டம் 1901இலும் வந்தவை. மாநகர சபையில் நாயைப் பதிந்துகொள்ளுங்கள். எலிக்காய்ச்சல், பார்வோ தடுப்பூசிகளும் தவறக்கூடாது. உங்கள் நாயோ வேறு நாயோ யாரையாவது கடித்தால், கீறினால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று சொல்லிக் கடிபட்டவரைத் தடுக்காதீர்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

16. வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்கள் குட்டி வாங்கும் முன் நன்றாக யோசியுங்கள். பெரிய நாய் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வாழும். கூட்டிப்போவதானால் நுண்சில்லுப் பொருத்தி, தடுப்பூசி போட்டு, குறைந்தது 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை செய்து, அதன்பின் மூன்று மாதம் காத்திருந்தால்தான் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் இலங்கை நாயை ஏற்கும். ஆகவே விசா விண்ணப்பம் போடும் நாளிலேயே இந்த வேலையையும் தொடங்குங்கள். கொண்டுபோக முடியாதென்றால், நாயை அறிந்த ஒரு குடும்பத்தைப் பயணத்துக்குப் பல மாதம் முன்பே தேடி, வாரக் கடைசிகளில் அங்கே தங்கவைத்துப் பழக்குங்கள். அது படுக்கும் பாயையும் தின்னும் கிண்ணத்தையும் தடுப்பூசி அட்டையையும் நீங்கள் சொல்லிப் பழக்கிய நான்கு கட்டளைகளை எழுதிய தாளையும் அவர்களிடம் ஒப்படையுங்கள். பூட்டிய கேற்றின் முன்னால் விட்டுவிட்டு மட்டும் விமானம் ஏறாதீர்கள்.